நியூசிலாந்து தென்தீவில் நண்பர்களோடு கேம்பர்வேன்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த ஐந்து பேர், நாற்பது வயதைத் தொட்ட பிறகு, டிசம்பர் மாதத்தில் பதினான்கு ராத்திரி, கேம்பர்வேன் என்கிற, படுக்கையும் சமையலறையும் உள்ள ஒரே வண்டிக்குள் தூங்கி எழுந்து நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றி வந்தோம். வந்ததிலிருந்து சொந்தக்காரர், அலுவலகத்தார், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

ஏன் நியூசிலாந்து? ஐரோப்பா பக்கம் போயிருக்கலாமே?

முதல் காரணம் ஸ்டியரிங். அங்கேயும் நம்மைப் போல இடது பக்க ஓட்டம்தான். ஏழு மீட்டர் நீள வண்டியைப் புதிதாகப் பழகும்போது, பக்கத்தையும் சேர்த்துப் பழக வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று முதல் ரவுண்டானாவிலேயே தெரியும். இரண்டாவது, நாள் முழுக்க ஓட்டினாலும் எதிரே வரும் வண்டிகளை எண்ணிவிடலாம். மூன்றாவது, எங்கள் குழுவில் ஒருவனுக்கு ரொம்ப முக்கியமானது: அந்த நாட்டு நிலத்தில் பாம்பே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் இல்லாமல் புல்லில் இறங்கி நடக்கலாம். அவன் நடந்தான்.

விசா, லைசென்ஸ் எல்லாம்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முறையான விசிட்டர் விசா வேண்டும். சில நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் மின்னணு அனுமதி நமக்குப் பொருந்தாது. 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரி விசாக் கட்டணத்தோடு சேர்ந்தே வரும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரில் மாறினால் கிறைஸ்ட்சர்ச்சில் போய் இறங்கலாம்.

நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அதையே காட்டி ஓட்டலாம். நாங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச பெர்மிட்டும் எடுத்து வைத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு லைசென்ஸை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார். இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். வாடகைக் கம்பெனிக்குக் கம்பெனி கேட்பது மாறும்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வழி?

தென்தீவுக்கு மட்டும் குறைந்தது பன்னிரண்டு நாள். பத்து நாளில் இரண்டு தீவையும் முடிக்கிறேன் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டு வந்தால், ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு தீவுக்கும் நடுவே பெர்ரியே மூன்றரை மணி நேரம் ஆகும்.

நாங்கள் போனது கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு வட்டம். டெக்கப்போ ஏரி, ஆவோராக்கி என்கிற மவுண்ட் குக், லிண்டிஸ் கணவாய் வழியாக வானகா, குயின்ஸ்டவுன், டே ஆனாவ், மில்ஃபோர்டு. அங்கிருந்து திரும்பி மறுபடியும் வானகா, ஹாஸ்ட் கணவாய் தாண்டி மேற்குக் கரை, ஃபாக்ஸ், ஃப்ரான்ஸ் ஜோசஃப், ஹோக்கிட்டிக்கா, ஆர்தர்ஸ் கணவாய், கிறைஸ்ட்சர்ச். மீட்டரில் 2,200 கிலோமீட்டர் சொச்சம்.

இதில் நான் பிடிவாதமாக இருந்த ஒரே விஷயம், ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது. "இருநூறா? அது திருச்சிக்குக்கூடப் பத்தாதேடா" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு புக்காக்கி ஏரிக்கரை வரைதான். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு தண்ணீரில் கலந்து மிதப்பதால் அந்த ஏரி பால் கலந்த நீலமாக இருக்கும். அதற்கு நேர் பின்னால் 3,724 மீட்டர் உயரத்தில் ஆவோராக்கி. பத்து நிமிஷம் என்று நிறுத்தினோம். வண்டிக்குள்ளேயே டீ போட்டு, சாப்பாடும் ஆகி, ஒருவன் குட்டித் தூக்கமும் போட்டுக் கிளம்பும்போது மூன்று மணி நேரம் போயிருந்தது. கூகுள் மேப் இரண்டரை மணி என்று சொன்னால் கேம்பர்வேனுக்கு நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

டிசம்பர் முதல் இரண்டு வாரம். அங்கே அப்போது கோடை ஆரம்பம், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதற்குள் சுற்றி முடித்துவிடலாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாடகையும் கூட்டமும் ஒன்றாக ஏறும். டெக்கப்போ பக்கம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கள் நிற்கிற காலமும் இதுதான். படம் எடுக்க அழகு. ஆனால் வெளியிலிருந்து வந்து ஆற்றுப் படுகைகளை ஆக்கிரமித்த செடி அது, அங்குள்ள இயற்கை ஆர்வலர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. நம் ஊர் சீமைக்கருவேலத்தை நினைத்துக்கொண்டேன்.

ஒரு நஷ்டம் உண்டு. டெக்கப்போ, மவுண்ட் குக் பகுதி 2012-இல் சர்வதேச இருள்வான் காப்பகமாக, அதாவது நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடமாக, அறிவிக்கப்பட்டது. அந்த வானத்தைப் பார்க்கக் கோடையில் பதினொரு மணிக்கு மேல் விழித்திருக்க வேண்டும். நாங்கள் விழித்திருந்தோம். நம் ஊரில் பார்த்துப் பழகிய திருவாதிரையும் மிருகசீரிஷமும் அங்கே தலைகீழாக நிற்கின்றன. ஜாதகத்தில் திருவாதிரை நட்சத்திரம் கொண்ட நண்பன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என் நேரம் ஏன் இப்படி இருக்குன்னு இப்பத்தான் புரியுது" என்றான்.

எந்த வண்டி எடுப்பது?

"நாலு பேர் படுக்கலாம்" என்று போட்டிருந்தால் மூன்று பெரியவர்கள் நிம்மதியாகப் படுக்கலாம் என்று அர்த்தம். நாங்கள் ஐந்து பேர், ஆறு பேர் வண்டி எடுத்தோம். படுக்கை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் சீட் பெல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள். பெல்ட் இல்லாமல் பின்னால் படுத்துக்கொண்டு வருவதெல்லாம் அங்கே நடக்காது.

பெரிய வண்டியில் பகலில் சோபாவாக இருப்பது ராத்திரி கட்டிலாகும். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். குறட்டை விடுகிறவனை அங்கே போடலாம் என்று முதல் நாள் முடிவு செய்தோம். தப்பு. மேலே இருந்து வரும் குறட்டை எல்லாருக்கும் சமமாகப் பரவுகிறது. பின்பக்கக் கட்டில்தான் அவனுக்குச் சரியான இடம்.

இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட முடியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் ஓட்டிப் பழகியவருக்கு இரண்டு மணி நேரத்தில் கை வந்துவிடும். கஷ்டம் வண்டியில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. ஹாரனில் கையே போகக் கூடாது.

ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு 100. மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் போகும் வண்டிக்கு 90. எங்களுடையது அந்த ரகம். பின்னால் மூன்று நான்கு கார் சேர்ந்துவிட்டால் ஓரத்தில் ஒதுங்கும் இடம் பார்த்து ஒதுங்கி, அவர்களை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதை அங்கே பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள், கை காட்டிவிட்டுப் போவார்கள். ஒதுங்காமல் போனாலோ, கோட்டைத் தாண்டி அலைந்தாலோ, பின்னால் வருகிறவர் நட்சத்திரம் 555 என்று போலீசுக்கு போன் போட்டுவிடுவார்.

ஒருவழிப் பாலங்கள்தான் நம்மவர்களுக்கு உண்மையான சோதனை. மேற்குக் கரையில் ஒன்று விட்டு ஒன்று அதுதான். சிவப்பு வளையத்துக்குள் நம் பக்கத்துக்குச் சின்னச் சிவப்பு அம்பு இருந்தால் நாம் நிற்க வேண்டும். நீலப் பலகையில் நம் பக்கம் பெரிய வெள்ளை அம்பு என்றால் நமக்கு முன்னுரிமை, ஆனாலும் எதிரே ஏற்கெனவே ஏறிவிட்டவரைப் பார்த்துத்தான் போக வேண்டும். "யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கு வழி" என்கிற நம் சட்டம் அங்கே செல்லாது.

வானகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு கிரவுன் ரேஞ்ச் என்று ஒரு மலைப்பாதை, உச்சி 1,076 மீட்டர். காருக்கு அருமை. பெரிய வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன், கிராம்வெல் வழியாகச் சுற்றிப் போங்கள். குயின்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் ரோடு என்று ஒன்று உண்டு, வாடகை வண்டிகளை அங்கே எடுத்துப்போக அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் தடை செய்த சாலைகளின் பட்டியல் இருக்கும், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

வாடகை தவிர வேறு என்ன செலவு?

டீசல் பங்கில் பெட்ரோலைவிட மலிவாகத் தெரியும். ஏமாற வேண்டாம். அங்கே பெட்ரோல் விலைக்குள் சாலை வரி இருக்கிறது, டீசலில் இல்லை. டீசல் வண்டி ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகச் சாலைக் கட்டணம் கட்ட வேண்டும். இலகுவான டீசல் வண்டிக்கு அரசு விகிதம் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். வண்டியின் எடைக்கு ஏற்ப அது மாறும், வாடகைக் கம்பெனி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் வாங்கும். வண்டியை ஒப்படைக்கும்போது மீட்டர் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு டாலரை ஐம்பது ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், கடைசி நாளில் சுருக்கென்று இருக்கும்.

அடுத்தது இன்சூரன்ஸ். அடிப்படை வாடகையில் வண்டிக்கு அடிபட்டால் முதல் சில ஆயிரம் டாலர் நம் தலையில். அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். கூடுதலாகக் கட்டினால் அது குறையும் அல்லது பூஜ்யமாகும். முழுக் காப்பீடு எடுத்தாலும் கூரை இடித்தால், அடிப்பாகம் சிதைந்தால், டேங்கில் தவறான எரிபொருள் ஊற்றினால் பெரும்பாலும் கிடையாது. எங்கள் வண்டி மூன்று மீட்டருக்கு மேல் உயரம். கடைகளின் கார் பார்க்கிங் வாசலில் தொங்கும் கம்பியைப் பார்த்தாலே கத்துவது என்று முன் சீட்டில் இருப்பவனுக்கு வேலை கொடுத்திருந்தோம்.

எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா?

முன்பு ஓரளவுக்கு முடிந்தது. வந்தவர்கள் ஆற்றங்கரையை அசிங்கப்படுத்தி வைத்ததில் சட்டம் வந்துவிட்டது. 2011-இல் ஒரு சட்டம், 2023-இல் இன்னும் இறுக்கமாக இன்னொன்று. இலவசமாக நிறுத்தும் பல இடங்களில், தன் கழிவைத் தானே வைத்துக்கொள்ளும் வண்டி என்று சான்று ஒட்டியிருந்தால்தான் தங்கலாம். அந்தச் சான்றுக்கு வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும், பெட்டிக்குள் தூக்கி வைக்கும் சின்னத் தொட்டி செல்லாது. மீறினால் அபராதம் 400 டாலரிலிருந்து தொடங்குகிறது. ஊராட்சிக்கு ஊராட்சி விதி வேறு, குயின்ஸ்டவுன் பக்கம் ரொம்பக் கண்டிப்பு. அந்த இடத்தில் நட்டிருக்கும் பலகை சொல்வதே வேதம்.

நாங்கள் மூன்று வகை இடங்களிலும் மாற்றி மாற்றித் தங்கினோம். இரண்டு ராத்திரி இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம், ஒரு ராத்திரி ஹாலிடே பார்க் என்று சுழற்சி, எப்போதாவது இலவச இடம். துறை முகாம்கள் மலிவு, வெந்நீர் இருக்காது, ஆனால் இருக்கும் இடங்கள்! மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் ராத்திரி பனிப்பாறை உடைந்து விழும் சத்தம் தூரத்து இடி மாதிரி கேட்டது. ஹாலிடே பார்க்கில் கரண்டு இணைப்பு, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் மெஷின், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும். மூன்றாம் நாள் ஐந்து ஆண்களின் சாக்ஸ் உள்ள வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பணம் பெரிதாகத் தெரியாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது… கழிப்பறை?

கூச்சப்படாதீர்கள், பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இதில்தான்.

கழிப்பறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு தொட்டி இருக்கும், கேசட் என்பார்கள். இருபது லிட்டருக்குள் பிடிக்கும். வெளியிலிருந்து சின்னக் கதவைத் திறந்து உருவி, சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய் டம்ப் ஸ்டேஷன் என்று சொல்லும் இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதற்குத் தனிக் குழாய், அதையும் அங்கேயே விடலாம். கேம்பர்மேட் ஆப்பில் எந்த ஊரில் டம்ப் ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளலாம், பல ஊர்களில் இலவசம்.

இரண்டு பேர் என்றால் மூன்று நாள் தாங்கும். ஐந்து பேருக்கு? முதல் நாளே ஒரு சட்டம் போட்டோம்: வண்டிக் கழிப்பறை ராத்திரி சிறுநீருக்கு மட்டும். மற்றதுக்கு ஊர்க் கழிப்பறை. அந்த நாட்டில் ஆளே இல்லாத ஏரிக்கரையில்கூட ஒரு சுத்தமான கழிப்பறையும் அதில் பேப்பர் சுருளும் இருக்கும். தண்ணீருக்குப் பழகியவர்கள் ஒரு மக்கை மறக்காமல் எடுத்துப் போங்கள். உலகமெல்லாம் சுற்றியவனும் கடைசியில் அந்தப் பச்சை மக்குக்குத்தான் நன்றி சொல்வான்.

கேசட்டை யார் கொட்டுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். வங்கியில் மேலாளராக இருக்கும் நண்பனுக்கு முதல் சீட்டு. டெக்கப்போவில் அவன் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டி, ஏதோ அணு உலைக்குள் போவது மாதிரி அதை இழுத்துப் போனான். ஊற்றும்போது காற்றுத் துளையின் பட்டனை அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். அதை வண்டி கொடுத்தவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தோம். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம். அன்றைக்கு அவன் தன் சட்டையைத் துவைக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டான்.

சாப்பாடு? ஊரிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்?

முதலில் விமான நிலையம். உணவுப்பொருள் எது இருந்தாலும் படிவத்தில் "ஆம்" என்று போடுங்கள். போடாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேன் கூடவே கூடாது. பழம், பச்சைக் காய், கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மண் ஒட்டிய ஷூவையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் கம்பெனி பாக்கெட் பிரிக்காத சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம் மட்டும் கொண்டுபோய், "ஆம்" போட்டு, வரிசையில் நின்று காட்டினோம். பெருங்காய டப்பாவை அதிகாரி காதருகே ஆட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

அரிசி, பருப்பு, கடுகு எல்லாம் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையில். மற்ற ஊர்களில் பாக்கன்சேவ், நியூ வேர்ல்டு என்று சூப்பர் மார்க்கெட்டுகள். கிறைஸ்ட்சர்ச்சிலேயே வண்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், ஹாஸ்ட் பக்கம் கடைகளும் குறைவு, விலையும் கூட.

வண்டியில் காஸ் அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் எல்லாம் உண்டு. கிளம்புமுன் ஒவ்வொரு அலமாரிக் கொக்கியையும் அழுத்திப் பாருங்கள். நாங்கள் கடையிலிருந்து வெளியே வந்த முதல் ரவுண்டானாவில் மேல் அலமாரி திறந்து, இரண்டு கிலோ துவரம்பருப்பு மழையாகக் கொட்டியது. ஊர் திரும்பும் வரைக்கும் போர்வைக்குள், ஷூவுக்குள், கேமரா பைக்குள் பருப்பு வந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் பாடம் தாளிப்பு. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து வரமிளகாய் கிள்ளிப் போட்டான் எங்கள் சமையல் நண்பன். அடுத்த நொடி தலைக்கு மேலே புகை எச்சரிக்கை மணி அலறியது. ராத்திரி ஒன்பதரை, அமைதியான முகாம். பக்கத்து வண்டிகளில் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. ஒருவன் துண்டை எடுத்து விசிற, ஒருவன் கதவைத் திறக்க, மிளகாய் நெடியில் ஐந்து பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்து நின்றோம். எதிர் வண்டிக்காரர், வயதான உள்ளூர்க்காரர், "என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ரசம் ஒரு டம்ளர் கொடுத்தோம். கண்ணில் தண்ணீர் வர வர முழுவதும் குடித்தார். அதற்குப் பிறகு தாளிப்பதெல்லாம் ஹாலிடே பார்க் பொதுச் சமையலறையில், இரண்டு நாளுக்குச் சேர்த்து.

சமையல் பேச்சில் ஒன்று. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஒரு பழைய பாத்திர உறவு இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலன்ஸோ என்கிற மிஷனரி, வடதீவில் மாவோரி மக்கள் ஓர் உடைந்த வெண்கல மணியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். மணியைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. எப்படி அங்கே போனது என்பது இன்றும் புதிர்தான். இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாங்கள் வடதீவுக்குப் போகவில்லை என்பதில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

மில்ஃபோர்டு சவுண்ட் அவ்வளவு தூரம் போக வேண்டுமா? மழை என்கிறார்களே?

போக வேண்டும். மழையிலேயே போக வேண்டும்.

மில்ஃபோர்டு சவுண்ட் என்பது உயர்ந்த மலைச் சுவர்களுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த இடம். டே ஆனாவிலிருந்து 118 கிலோமீட்டர், அதே வழியில்தான் திரும்ப வேண்டும். டே ஆனாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், நடுவில் போன் சிக்னலும் கிடையாது. ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. காலையில் கிளம்பிப் போய்த் திரும்பும் பேருந்துக் கூட்டத்தோடு மோத வேண்டாம் என்று, முதல் நாள் ராத்திரி வழியில் காஸ்கேட் க்ரீக் முகாமில் தங்கினோம். இரவெல்லாம் கூரையில் மழை. கேம்பர்வேன் கூரை மெல்லிய தகடு, ஓட்டு வீட்டில் படுத்த ஞாபகம் வந்துவிட்டது எல்லோருக்கும். யாரும் தூங்கவில்லை, பேசிக்கொண்டே கிடந்தோம். விடுதி வார்டன், தேர்வில் போனவன், கல்யாணத்துக்குக் கூப்பிடாதவன், இப்போது இல்லாதவன் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள்.

காலையில் ஹோமர் சுரங்கம். மலையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர், 1935-இல் தொடங்கி 1954-இல் வண்டிகளுக்குத் திறந்தது. உள்ளே சாய்வாகக் கீழே இறங்கும், சுவர் வெறும் பாறை, தண்ணீர் சொட்டும். வாசலில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கியா என்கிற மலைக்கிளி ஒன்று பானெட்டில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. ஆலிவ் பச்சை, வளைந்த மூக்கு, முகத்தில் ரேஷன் கடை ஊழியரின் அலட்சியம். பார்த்து முடித்ததும் கண்ணாடி ஓர ரப்பரைக் கொத்தி உருவத் தொடங்கியது. அதன் ருசி அது. தீனி மட்டும் போடாதீர்கள், அவற்றின் உடம்புக்கு ஆகாது.

சுரங்கத்தைத் தாண்டினால் இரண்டு பக்கப் பாறைச் சுவரிலும் மேலிருந்து கீழ் வரை வெள்ளைக் கோடுகள். அத்தனையும் அருவி. வெயில் நாளில் போனவர்கள் நிரந்தரமான இரண்டு பெரிய அருவிகளை மட்டும் பார்த்தோம் என்றார்கள். படகில் மேல்தளத்தில் நின்று நனைந்தோம். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்போமே, இங்கே படகையே கொண்டுபோய் அருவிக்கு அடியில் நிறுத்துகிறார்கள்.

பனியாற்றில் நடக்க முடியுமா?

ஹெலிகாப்டரில் போனால்தான். ஃபாக்ஸ், ஃப்ரான்ஸ் ஜோசஃப் என்கிற இரண்டு பனியாறுகளும் ரொம்பப் பின்வாங்கிவிட்டன, பள்ளத்தாக்கில் நடந்து போய்த் தொட்ட காலம் முடிந்தது. அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதில் ஃபாக்ஸ் அருகே மாத்திசன் ஏரிக்கு விடியற்காலையில் போங்கள், காற்று எழுவதற்குள். மலை முழுதாகத் தண்ணீரில் நிற்கும்.

குளிர்? கொசு?

கோடையிலும் மலைப்பக்கம் ராத்திரி ஐந்து டிகிரிக்கு இறங்கும். வண்டியில் ஹீட்டர் உண்டு. வெயில் உறைக்காது, ஆனால் சுடும். புறஊதாக் கதிர் அங்கே கடுமை. "நமக்கெல்லாம் எதுக்குடா சன்ஸ்கிரீன்" என்று சொன்னவனுக்கு மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்தது.

கொசுவை விடப் பெரிய வில்லன் சாண்ட்ஃப்ளை. கடுகளவு கறுப்புப் பூச்சி, சத்தமே போடாது. மில்ஃபோர்டிலும் மேற்குக் கரையிலும் கணுக்காலைத் தேடி வரும். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். முழுக்கால் பேன்ட், சாக்ஸ், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் மருந்து. வண்டிக் கதவைத் திறந்தால் உடனே சாத்துங்கள். "கதவு!" என்பதுதான் பயணத்தில் நாங்கள் அதிகம் சொன்ன சொல்.

உடம்புக்கு ஏதாவது என்றால்?

அவசர எண் 111. விபத்தில் காயம் பட்டால் வெளிநாட்டுப் பயணிக்கும் அரசின் விபத்து ஈட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு அது கிடையாது. பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

நண்பர்களுக்குள் சண்டை வரவில்லையா?

வந்தது. நான்காம் நாள் வானகாவில், ஒரு பாக்கெட் சீஸுக்காக. உண்மையில் சீஸுக்காக இல்லை. ஓட்டத் தெரிந்தது இருவருக்கு மட்டும், சமைப்பது ஒருவன், மீதி இருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று ராத்திரி வேலையைப் பிரித்து எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். ஓட்டுபவன் பாத்திரம் தேய்ப்பதில்லை. சமைப்பவன் கேசட் தொடுவதில்லை. ஓட்டாதவர்கள் தண்ணீர் நிரப்புவது, கரண்டு வயர் மாட்டுவது, கிளம்புமுன் அதைக் கழற்றுவது.

பணத்துக்கு, போகுமுன்பே ஆளுக்கு ஒரு தொகை ஒருவன் கார்டில் போட்டுவிட்டோம். டீசல், சாப்பாடு, முகாம் எல்லாம் அதிலிருந்து. பீர் மட்டும் அவரவர் காசு. வண்டிக்கு அடிபட்டால் யார் ஓட்டியிருந்தாலும் ஐந்தாகப் பிரிப்பது என்றும் எழுதிக்கொண்டோம். இதைக் கிளம்புமுன் பேசிவிடுங்கள். அடிபட்ட பிறகு பேசினால் நட்புக்கும் சேர்த்து அடிபடும்.

அப்பா அம்மாவை இப்படி அழைத்துப் போகலாமா?

வண்டிப் படி உயரம், ராத்திரி எழுந்து போகும் வழி ஒரு அடி அகலம், மேல் படுக்கைக்கு ஏணி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். கார் எடுத்துக்கொண்டு ஹாலிடே பார்க்குகளில் இருக்கும் சின்ன கேபின்களில் தங்கினால் அதே ஏரி, அதே மலை, சமையலறையும் உண்டு.

திரும்ப ஒப்படைக்கும்போது?

எடுக்கும் நாளில் வண்டியைச் சுற்றி, கூரை, டயர், உள் அலமாரி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். ஒப்படைத்த இரண்டாம் நாள் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, பின் பம்பரில் கீறல், இத்தனை டாலர் என்று. எடுத்த நாள் வீடியோவை அனுப்பினோம். அதில் அந்தக் கீறல் தெளிவாக இருந்தது, அதன் பக்கத்தில் செல்பிக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் நாங்களும். மறுநாள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது.

டீசல் நிரப்பி, தொட்டிகளைக் காலி செய்து, உள்ளே பெருக்கிக் கொடுக்க வேண்டும். பெருக்கியபோது ஒரு பிடி துவரம்பருப்பு சேர்ந்தது.